கடைசியா நல்லா ஓடினது எப்போ?

நாற்பத்தாறாவது வயதில், தினமும் நடக்கச் சொல்லி மருத்துவர் என்னை எச்சரித்த அதே வாரத்தில், நான் ஓர் இத்தாலிய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். பந்தயத்துக்கென்றே செய்த ரகம். சிவப்பு. அதற்கு அப்போதே பதினேழு வயது. அதன் மேல் குனிந்து உட்கார்ந்தால் என் தொப்பை பெட்ரோல் தொட்டியின் மேல் தனிப் பயணியாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்த அசட்டுத்தனம் இது அல்ல. நடுவயதில் சிவப்பு வண்டி வாங்குவது பல ஆண்களுக்கும் வருகிற சாதாரண நோய். ஒரே வருடத்தில் அந்த வண்டிக்கு நான் மூன்று முறை பூசை போட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் பூசை வழக்கம். வண்டி புதியதோ பழையதோ, வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போவது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் வெளியே சொல்லக்கூடாதவை. அவை வண்டி நடுச்சாலையில் நின்றுபோனதற்காகப் போட்டவை. நான் கிள்ளான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ‘நீ நேரில் பார்த்தாயா, யாராவது சொல்லிக் கேட்டாயா?’ என்ற கேள்வியை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றுகிறவன். அப்படிப்பட்டவன், இயந்திரம் நிற்பதற்கு அர்ச்சனைத் தட்டோடு போனேன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

வண்டியின் நோய் இதுதான். வீட்டிலிருந்து கிளம்பினால் இருபது, இருபத்தைந்து நிமிடம் கர்ஜித்துக்கொண்டு போகும். பிறகு ஷா ஆலாம் பக்கத்தில் இரண்டு இருமல் இருமும். அப்புறம் மௌனம். ஓரமாகத் தள்ளி, பத்து நிமிடம் அதையும் இதையும் ஆட்டிப் பார்த்து, திட்டி முடித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே ஓரத்தில் தனிப் பாதை உண்டு. கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன வண்டிகளில் வேலைக்குப் போகிறவர்கள் அதில்தான் போவார்கள். அந்தக் கூட்டத்தில் இத்தாலிய வண்டியை ஓட்டுவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. அதனால் கார்களும் லோரிகளும் பறக்கும் பெரிய சாலையில்தான் போவேன். ஒரு திங்கட்கிழமை காலை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லோரி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தபோது வண்டி இருமியது. லோரி அலறிக்கொண்டு நின்றது. அதன் முகப்புக்கும் என் முதுகுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடலாம். சாய்ந்து உட்கார முடியாது.

என் மனைவி அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதி. சாலையில் விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவள் கத்தவில்லை. சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “இந்த மாசத்துக்குள்ள அது ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிங்க. இல்லாட்டி வித்துருங்க. என் டியூட்டி நேரத்துல உங்கள பார்க்க எனக்கு இஷ்டமில்ல.”

அதற்குள் மூன்று பட்டறைகள் பார்த்தாகிவிட்டது. மெக்கானிக்குக்கு இங்கே போமன் என்று பெயர். முதல் போமன் பேட்டரியை மாற்றினார். இரண்டாவது போமன் காயிலையும் பிளக்கையும் மாற்றினார். மூன்றாமவர், “இத்தாலிக்காரன் செஞ்சா அப்படித்தான் லா பாஸ்” என்று ஒரு நாட்டையே கூண்டில் ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மூவரிடமும் வண்டி பிரமாதமாக ஓடிக் காட்டியது. சாட்சிகள் வக்கீல் அலுவலகத்தில் ஒழுங்காகப் பேசிவிட்டு நீதிபதி முன் உளறுவார்கள். என் வண்டி அதற்கு நேர் எதிர்.

சாலாக் செலாத்தானில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்று நீதிமன்றக் காவலர் ஒருவர் சொன்னார். பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் கடைசிவரை கேட்கவில்லை. அந்தக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருடைய கணவர் முன்பக்கம் டயர், சங்கிலி, ஊர்வம்பு ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்வார். பின்பக்கம், ஒரு மேசை விளக்கின் கீழ், ஐம்பது வயது மதிக்கத்தக்க குள்ளமான ஒரு பெண்மணி. தொளதொள டீ-சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் பள்ளிப்பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு.

“டாக்டரம்மா, கேஸ் வந்திருக்கு!” என்று கணவர் குரல் கொடுத்தார்.

அக்கா வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். வருவதற்கு முன் நான் அதைக் கழுவி மெழுகு போட்டுத் துடைத்திருந்தேன். டாக்டரிடம் போகும்முன் குளிக்கிறோம் இல்லையா, அதுபோல. அந்தப் பளபளப்பைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

“அடுத்த வாட்டி அழுக்கோட கொண்டாங்க சார். அழுக்குலதான் விஷயம் இருக்கும்.” பிறகு நோட்டைத் திறந்தார். “கடைசியா நல்லா ஓடினது எப்போ?”

“அக்கா, எனக்கென்னமோ இது சென்சார்னு தோணுது. இன்டர்நெட்ல பார்த்தேன்...”

“உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கல. கடைசியா நல்லா ஓடினது எப்போ?”

“வாங்கின அன்னைக்கு. கிள்ளான்லேர்ந்து பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற வீடு வரைக்கும் நிக்காம வந்துச்சு.”

“அதுக்கப்புறம் வண்டிக்கு என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

பேட்டரி, காயில், பிளக், எஞ்சின் எண்ணெய் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் தனி வரி.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சாட்சிகள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு குணம்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்த கிளைகள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பார். பார்த்ததை எழுதுவார். பார்க்காததை எழுதமாட்டார். கேட்க எளிமையாக இருக்கிறது. கூட இருந்து பார்ப்பவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்த ஒருநாள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்த ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “அக்கா, பிளக், காயில், பேட்டரி எல்லாத்தையும் ஒரேயடியா மாத்திருங்க. எனக்கு நேரமில்ல.”

“மாத்தினா ஓடும் தம்பி. ஆனா எதனால ஓடுதுன்னு தெரியாது. நாளைக்கு நின்னா எதனால நின்னுச்சுன்னும் தெரியாது.”

“ஓடினா போதும் அக்கா!”

“அப்போ பக்கத்துக் கடைக்குப் போங்க. அங்க ஓட்டிக் குடுத்துருவாங்க.”

அவர் நிஜமாகவே பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். அக்காவின் கணவர் என்னைப் பார்த்து, “பாஸ், என் பொண்டாட்டியால பக்கத்துக் கடைக்காரன் வீடு கட்டிட்டான்” என்றார்.

அவரே சொன்ன இன்னொரு கதை. அவருக்கு ஒருமுறை தீராத வயிற்றுவலி. மருத்துவர் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அக்கா நோட்டை எடுத்துவிட்டார். அவர் தினமும் உள்ளே தள்ளுகிற வகைகளில் ஐந்தை எழுதி, வாரத்துக்கு ஒன்றாக நிறுத்தினார். முதல் வாரம் நெத்திலி சம்பல். இரண்டாம் வாரம் முறுக்கு. மூன்றாம் வாரம், பொட்டலத்தில் வரும் பால்பொடிக் கோப்பி. கோப்பியை நிறுத்தியதும் வலி நின்றுவிட்டது.

“நான் சந்தோஷப்பட்டேன் பாஸ். இவ விடல. மறுபடி குடிங்கறா!”

“ஏன்?”

“திரும்பக் குடிச்சா திரும்ப வலிக்கணுமாம். அப்பதான் கோப்பிதான் காரணம்னு சொல்ல முடியுமாம்.”

“வலிச்சுதா?”

“உயிர் போச்சு. இவ பக்கத்துல உக்காந்து தலைய ஆட்டி, ‘சரி, கோப்பிதான்’னு எழுதறா.”

உள்ளேயிருந்து அக்கா சத்தமாகச் சொன்னார்: “இல்லாட்டி சும்மா கோப்பி மேல பழி போட்டிருப்போம்ல!”

இந்தப் பழி விஷயம் எங்கிருந்து வந்தது என்பது சில வாரம் கழித்துத் தெரிந்தது. அக்கா அதற்கு முன் சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கும் நூறு பெண்களில் ஒருவராகப் போய், கடைசிப் பத்து வருடம் அவர் ‘செத்த சிப்’ என்று சொல்லும் மேசையில் இருந்தார். செத்துப்போய்த் திரும்பி வருகிற சில்லுகள் எதனால் செத்தன என்று கண்டுபிடிப்பது வேலை. ஒருமுறை பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. மேலதிகாரி, வரிசையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கைத்தவறு என்று அறிக்கை எழுதி, அக்காவின் கையெழுத்துக்கு நீட்டினார்.

“நான் பார்க்கலேன்னு சொன்னேன். ‘வேற என்னவா இருக்கும்’னு கேட்டாரு. தெரியலேன்னு சொன்னேன். தெரியலேன்னு சொல்றது அங்க பெரிய குத்தம் சார்.”

பதினோரு நாள் தேடியிருக்கிறார். கடைசியில், மேலே இருந்த ஏர்கோன் குழாயிலிருந்து, சில்லுகள் அடுக்கிய ஒரு தட்டின் மேல் சொட்டிய நீர்தான் காரணம் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. அந்த வருடம் அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கசப்பும் இல்லை, பெருமையும் இல்லை. திருகாணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

என் வண்டிக்கு வருகிறேன். மூன்று வாரம் அது அக்காவின் கடையில் இருந்தது. இத்தாலியர்களின் வேலையை அவர் ரசித்தே பார்த்தார். அதன் இயந்திரத்தில் வால்வைத் திறக்க ஒரு கை, மூடுவதற்கு வேறொரு கை. “திறக்க ஒரு ஆபீசர், மூட ஒரு ஆபீசர். யார் போட்ட டிசைன் இது, கவர்மென்ட் ஆபீசா?” என்று சிரித்தார். கிளட்சு, எண்ணெயில் நனையாமல் காய்ந்தே உரசுகிற வகை. வண்டி நிற்கும்போது தகர டின்னில் கரண்டிகளைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வரும். அக்காவின் கணவர் தினமும், “பாஸ், உள்ள கரண்டி விழுந்துருச்சு” என்பார். அக்கா, “அது அதோட பேச்சு. நோய் இல்ல” என்பார்.

நோட்டில் வரிகள் கூடிக்கொண்டே போயின. பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. சுத்தம் செய்தார். நான் குதித்தேன். “இதுதான் அக்கா!”

“இது ஒரு குத்தம். அந்தக் குத்தம் இல்ல.”

வால்வுகளை ஓட்டும் ரப்பர் பெல்ட்டுகள் வயதாகி வெடித்திருந்தன. மாற்றினார். “இதுவும் ஒரு குத்தம். இது அறுந்திருந்தா எஞ்சினே போயிருக்கும். ஆனா அந்தக் குத்தம் இல்ல.”

மின்விசிறியை முன்னால் வைத்து, வண்டியை நிறுத்தியபடியே முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். நிற்கவில்லை. கணவரைத் தெருவைச் சுற்றிவரச் சொன்னார். பத்து நிமிடம் ஊர்வலம் போய்விட்டு, இரண்டு பேரிடம் அது தன்னுடைய வண்டி என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அப்போதும் நிற்கவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. பூச்சோங்கிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதை அக்காவிடம் சொல்லப் போனேன். தோற்றவனின் முகத்தோடு போனேன் என்றுதான் நினைக்கிறேன்.

“அவருகிட்ட என்ன சொல்லி விப்பீங்க?” என்றார்.

“நல்லா ஓடும்னு.”

“எதுவரைக்கும்?”

நான் குனிந்து வண்டியின் டயரை அமுக்கிப் பார்த்தேன்.

“உங்களுக்காவது இருபத்தஞ்சாவது நிமிஷம் நிக்கும்னு தெரியும். அவருக்குத் தெரியாது. அதே லோரி அவரு பின்னால வரும்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சனிக்கிழம காலையில லீவு போடுங்க. கேரி தீவுக்குப் போறோம்.”

“சனிக்கிழமை கோர்ட் லீவுதான் அக்கா.”

“அப்போ சாக்குச் சொல்ல முடியாது, நல்லது.”

கேரி தீவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பாலத்தைத் தாண்டினால் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நீண்ட சாலை. வாகனங்கள் குறைவு. நின்றாலும் பின்னால் யாரும் ஏறமாட்டார்கள். கணவரின் சின்ன லோரியில் என் வண்டியையும் அக்காவின் கப்சாயையும் ஏற்றிக்கொண்டு போனோம். பாலத்துக்கு அப்பால் இறக்கியதும் அக்கா சொன்னார்: “நீங்க ஓட்டுங்க. நான் பின்னால வரேன். நின்னா எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. எனக்காக நல்ல பிள்ளையா நடிக்காதீங்க.”

போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். காற்றில் செம்பனைப் பழத்தின் கனத்த எண்ணெய் வாசனை. இருபத்துமூன்றாவது நிமிடம், இரண்டு இருமல். மௌனம். வாழ்க்கையில் முதல் தடவையாக அது நின்றதற்காகச் சந்தோஷப்பட்டேன். ஓரமாகத் தள்ளினேன். ஸ்டாண்டை இறக்கினேன். சாவியை எடுத்தேன்.

“கைய எடுங்க!”

கப்சாயை அப்படியே புல்லில் சாய்த்துப் போட்டுவிட்டு அக்கா ஓடிவந்தார். அதற்குள் என் கை வேலையை முடித்திருந்தது.

“இப்ப என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலயே. எண்ணெ இருக்கான்னு பார்த்தேன்.” பெட்ரோலை நாங்கள் எண்ணெய் என்றுதான் சொல்வோம். தொட்டியின் மூடி என் கையில் இருந்தது.

“நிக்கிறப்பல்லாம் தொறந்து பார்ப்பீங்களா?”

“நின்னா முதல்ல அதானே பார்க்கணும்? எல்லாரும் அதான் செய்வாங்க. அந்த மூணு போமனும்கூட...” என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

“என்னென்ன செஞ்சீங்கன்னு மூணு வாரத்துல பத்து வாட்டி கேட்டேன். இத ஏன் சொல்லல?”

“இது செய்யறது இல்லயே அக்கா. பார்க்கிறது.”

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கிள்ளான் நீதிமன்றத்தில் எந்த வக்கீலும் எந்தச் சாட்சியையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். வண்டி உடனே உறுமியது. பேட்டரியையும் கம்பியையும் யாரும் தொடவில்லை. திட்டக்கூட இல்லை.

“மூடுங்க. மறுபடி ஓட்டுங்க. நின்னா வண்டிய விட்டு இறங்கி ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குங்க.”

மறுபடி இருபது சொச்சம் நிமிடம். மறுபடி இருமல். நான் சாலையோரத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குற்றவாளியைப்போல் நின்றேன். தோட்டத்து லோரி ஒன்று கடந்து போனது. ஓட்டுநர் ஹாரன் அடித்துச் சிரித்தார். அக்கா குனிந்து தொட்டியின் மேல் காதை வைத்தார். மூடியின் பூட்டில் சாவியை மெல்லத் திருப்பினார். மூடியை லேசாகத் தூக்கியதும், உஸ்ஸென்று ஒரு நீண்ட உறிஞ்சல்.

“கேட்டுச்சா? வெளியிலேர்ந்து காத்த இழுக்குது. எண்ணெ குறைய குறைய உள்ள காத்து போகணும் சார். போகலன்னா தொட்டிக்கு மூச்சு முட்டும். எஞ்சினுக்கு எண்ணெய விடாது. நீங்க மூடியத் தொறந்தா மூச்சு விட்டுக்கும். கடையில நின்னபடி ஓடினப்போ எண்ணெ அவ்வளவா குறையல, அதான் நிக்கல.”

மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். காற்று போவதற்கென்று ஊசிமுனை அளவு ஒரு துளை. சட்டையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி அதற்குள் விட்டுச் சுழற்றினார். மஞ்சளாக, கெட்டியாக, அரிசிக் குருணை அளவில் ஒரு துண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு முறை கொண்டுபோனார்.

“சார். இது சந்தனம்.”

செம்பனை மரங்களை எண்ணுவது அந்த நேரத்தில் எனக்கு மிகவும் அவசரமான வேலையாகத் தோன்றியது.

“வண்டிக்குப் பூசை போட்டீங்களா?”

“வாங்கின மறுநாள்.”

“அந்த ஒரு வாட்டிதானா?”

“அப்புறம்... நின்னதுக்காக ரெண்டு வாட்டி.”

அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “கடைசியா நல்லா ஓடினது வாங்கின அன்னைக்கு. மறுநாள் பூசை. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னார். மூன்று வாரத்தின் பத்து விசாரணைகளில், ஒன்றை அற்பம் என்று விட்டிருந்தேன், ஒன்றை வெட்கப்பட்டு மறைத்திருந்தேன். வழக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

துளை திறந்த மூடியோடு ஐம்பது நிமிடம் ஓட்டினேன். நிற்கவில்லை. இருமல்கூட இல்லை. தீவின் கடைசிவரை போய்க் கடல் வாசனையை முகர்ந்துவிட்டுத் திரும்பினேன். இறங்கி அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் இன்னொரு கையால் செலோடேப் சுருளை எடுத்தார்.

“இப்ப அந்த ஓட்டைய அடைக்கிறேன். மறுபடி ஓட்டுங்க.”

“அக்கா, கண்டுபிடிச்சாச்சு!”

“இன்னும் இல்ல. திரும்ப நிக்கணும்.”

லோரியின் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவருடைய கணவர், கோப்பியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வயிற்றைத் தடவியபடி, “போங்க பாஸ். தப்பிக்க முடியாது” என்றார்.

இடுப்பு என்னுடையதாக இல்லாத நிலையில் நான்காவது முறையாக ஓட்டினேன். இருபத்திரண்டாவது நிமிடம் நின்றது. அக்கா டேப்பை உரித்தார். ஓடியது. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான், வண்டி ஓடுவதைவிட அது ஏன் நின்றது என்பதுதான் இவருக்கு வேண்டியிருந்தது என்று விளங்கியது.

கப்சாயின் இருக்கைமேல் நோட்டை வைத்து எழுதினார். எழுத்துக்கூட்டி எழுதுகிற பிள்ளையின் அழுத்தமான கையெழுத்து. ‘குற்றம்: மூடியின் காற்றுத்துளை அடைப்பு. காரணம்: சந்தனம்.’ அடுத்த வரியில் ‘வைத்தவர்’ என்று எழுதி நிறுத்தினார்.

“யாரு வச்சது?”

“ஐயர்தான்.”

“அந்த எடத்துல அவரு வச்சத நீங்க பார்த்தீங்களா?”

எனக்குச் சோறு போடும் கேள்வி. “பூசைன்னா ஐயர்தானே அக்கா வைப்பாரு?”

“பார்த்தீங்களா?”

மாலையும் மணியும் எலுமிச்சம்பழமும் ஞாபகம் வந்தன. சந்தனக் கிண்ணம் யார் கையில் இருந்தது என்பது மட்டும் வரவில்லை. “ஞாபகமில்ல.”

அக்கா அந்த வரியைக் காலியாக விட்டு நோட்டை மூடினார்.

அன்று மாலை என் மனைவி அவரிடம் தொலைபேசியில் பேசினாள். “அக்கா, இனிமே நிக்காதுதானே?” என்று கேட்டாள். “இந்தக் காரணத்துக்காக நிக்காது. வேற காரணம் வந்தா வேறயா பார்க்கணும்” என்று பதில் வந்தது. உத்தரவாதம் கொடுக்காத ஒரு மனிதரை என் மனைவி உடனே நம்பிவிட்டாள். மருத்துவமனையில் நல்ல டாக்டர்கள் இப்படித்தான் பேசுவார்களாம். வண்டி வீட்டில் தங்கியது, ஒரு நிபந்தனையோடு: கூட்டரசு நெடுஞ்சாலையில் இனி மோட்டார் சைக்கிள் பாதையில்தான் போகவேண்டும். அன்றுமுதல் என் இத்தாலிய வண்டி முந்நூறு கப்சாய்களுக்கு நடுவே, கரண்டிச் சத்தத்தோடு, பணிவாக வேலைக்குப் போய்வந்தது. பூச்சோங்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “நல்லதாப் போச்சு பாஸ், என் ஒய்ஃபுக்கும் இஷ்டமில்ல” என்றார்.

அக்காவும் கணவரும் பிற்பாடு மகளோடு இருக்க ஜொகூருக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றால், இணையம் நின்றால், மனைவி பேசுவது நின்றால், நான் முதலில் கேட்டுக்கொள்வது அவர் கேள்வியைத்தான்: கடைசியா நல்லா ஓடினது எப்போ, அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்? மூன்றாவதுக்கு மட்டும் விடை எப்போதும் உடனே கிடைத்துவிடுகிறது.

அந்தக் காலி வரி நிரம்ப ஆறு மாதம் ஆனது. மனைவி வாங்கிய சின்னக் காரை அதே கோயில் வாசலில் நிறுத்தியிருந்தோம். அதே ஐயர், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர். சாந்தமான மனிதர். அவர் கிண்ணத்தோடு வந்ததும் நான் கொஞ்சம் உரிமையாகவே சொன்னேன்: “சாமி, சந்தனத்தப் பார்த்து வைங்க. போன வருஷம் நீங்க வச்ச சந்தனத்தாலதான் என் மோட்டார் நடுரோட்டுல நின்னுச்சு.”

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நானா சார்? நான் எப்பவும் முன் லைட்டுலயும் சக்கரத்துலயும்தான் வைப்பேன். நீங்கதான் டேங்க்குக்கும் வைங்கன்னீங்க. அங்க சாவி போடுற ஓட்டை இருக்கு, வேண்டாம்னு சொன்னேன். கிண்ணத்த என் கையிலேர்ந்து வாங்கி நீங்களேதான் அப்பினீங்க. மூணு தடவையும்.”